எந்த நூற்றுக்கு என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு கட்டுரை படித்தேன். வீட்டுக் கடன் வட்டி 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. நல்ல கட்டுரைதான். ஆனால் மேலே ‘2 சதவீதமே உயர்வு’ என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். அந்த ஏகாரம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். கணக்குப் பக்கமே போகாதவள். ஆனாலும் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பேனாவையும் தாளையும் எடுத்தேன். ஒரு லட்சம் கடன், 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத வட்டிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 836. 10 சதவீதத்துக்கு 965. இருபது வருடம் முழுக்கக் கட்டி முடித்தால், வட்டி மட்டும் முதல் கணக்கில் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். இரண்டாவதில் 1,31,000ஐத் தாண்டிவிடும். வாங்கிய ஒவ்வொரு லட்சத்துக்கும் சுமார் 31,000 கூடுதல். இதை ‘2 சதவீதமே’ என்று சொல்லிவிட முடியுமா?

8 என்பது 10 ஆனால் கூடியது 2 என்பது சரி. ஆனால் எட்டுக்கு இரண்டு கால் பங்கு. வட்டி விகிதம் 25 சதவீதம் உயர்ந்திருக்கிறது. வெறும் இரண்டைத்தான் சொல்ல வேண்டுமென்றால் ‘2 சதவீதப் புள்ளிகள்’ என்று எழுதலாம். அந்த ‘புள்ளி’ என்ற ஒரு சொல் போதும், படிப்பவர் நின்று யோசிப்பார்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு மகளின் மேற்படிப்புக்காக ஒரு லட்சம் கடன் வாங்கினேன். ஒரு வருடத்தில் அடைக்க வேண்டும். இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஓரிடத்தில் 14 சதவீதம் என்றார்கள், இன்னோரிடத்தில் 12 சதவீதம். 12 குறைவு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கேயே வாங்கினேன். லட்சத்துக்கு 12,000 வட்டி, மொத்தம் 1,12,000, அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,333. தெளிவாகத்தான் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

கடனைக் கட்டி முடித்த பிறகுதான் பள்ளியில் கணக்கு எடுக்கும் தோழியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த விடைத்தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு வரி எழுதினார். எழுதிக்கொண்டே அவர் சொன்னது இது: முதல் மாதம் உங்கள் கையில் இருந்தது ஒரு லட்சம். ஒரு தவணை கட்டியதும் அசலில் 8,333 போய்விட்டது. ஆறு தவணை கட்டியதும் பாதிதான் மிச்சம். கடைசி மாதம் நீங்கள் வைத்திருந்த கடன் வெறும் 8,333. ஆனால் அந்த மாதத்துக்கும் வட்டி 1,000 கட்டியிருக்கிறீர்கள். ‘எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரே மாதத்தில் ஆயிரம் வட்டி. அதாவது அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டு’ என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

பன்னிரண்டு மாதமும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக என் கையில் இருந்த கடன் 54,167தான். அதற்கு 12,000 வட்டி என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 22. துல்லியமாகக் கணக்குப் போட்டால் 21.5க்குக் கொஞ்சம் கீழே வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த 14 சதவீதம், மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடுவது. அதில் வருடம் முழுக்க வட்டி 7,745தான் ஆகியிருக்கும். குறைவு என்று நம்பி 4,255 கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பணம் போனது வருத்தம்தான். அதைவிடப் பெரிய வருத்தம், மாணவர்களிடம் தினமும் கேட்கச் சொன்ன கேள்வியை நானே கேட்காமல் விட்டதுதான். ‘பொற்குடம்’ என்று கரும்பலகையில் எழுதுவேன். கீழே ‘நீர்க்குடம்’ என்று எழுதுவேன். பார்வைக்கு இரண்டும் ஒரே அமைப்பு. பொன்னால் ஆகிய குடம் ஒன்று, நீரை உடைய குடம் மற்றொன்று. நடுவில் எது தொக்கி நிற்கிறது, விரித்துச் சொல் என்பேன். பிள்ளைகள் விரித்துச் சொல்வார்கள். இப்படி நடுவில் உள்ளது மறைந்து நிற்கும் தொடரை இலக்கணத்தில் தொகை என்போம். ‘12 சதவீத வட்டி’யும் அப்படி ஒரு தொகைதான். எந்த நூற்றில் பன்னிரண்டு? முதலில் வாங்கிய நூற்றிலா, இன்னும் மிச்சமிருக்கும் நூற்றிலா? எவ்வளவு காலத்துக்கு? வட்டி எப்போது அசலோடு சேரும்? இத்தனையும் உள்ளே மறைந்திருக்கிறது. விரித்துக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். பணத்துக்கும் நம் மொழியில் ‘தொகை’ என்றே பெயர் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம்தான் கணக்கை ஒரு மொழியாகப் படிக்கத் தொடங்கினேன். ‘இரண்டும் இரண்டும் நான்கு’ என்று சொல்கிறோமே, அதில் கூட்டல் எங்கே இருக்கிறது? இரண்டு ‘உம்’களில் இருக்கிறது. இலக்கணத்தில் அதற்கு எண்ணும்மை என்று பெயர். இன்று நாம் எழுதும் + என்ற குறியும், லத்தீனில் இதே ‘உம்’ பொருளைத் தரும் ‘எத்’ என்ற சொல்லின் சுருக்கமாகவே வந்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் குறியும் கழித்தல் குறியும் முதலில் அச்சில் வந்த இடம் ஒரு வணிகக் கணக்கு நூல். ஜெர்மனியைச் சேர்ந்த யோஹன்னஸ் விட்மன் என்பவர் 1489இல் வெளியிட்டது. எது கூடுதல், எது குறை என்று காட்டத்தான் அவற்றைப் போட்டார். சமக்குறி இன்னும் பிந்தியது. 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் அதைக் கொண்டுவந்தார். ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறெதுவும் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். கணக்கு வாக்கியத்தின் பயனிலையே அந்தக் குறிதான். ‘அவள் ஆசிரியை’ என்று வினைச்சொல்லே இல்லாமல் வாக்கியத்தை முடிக்கிற நமக்கு ‘இரண்டும் இரண்டும் நான்கு’ என்பதில் எதுவும் குறையாகத் தெரிவதில்லை. நம் காதுக்கு அந்தச் சமக்குறி சொல்லாமலே கேட்கிறது.

இன்னும் முந்திப் போனால் பிரம்மகுப்தர். 628இல் பூச்சியத்துக்கும் குறை எண்களுக்கும் விதி வகுத்தவர், கூட்டல் எண்ணைச் சொத்து என்றும் கழித்தல் எண்ணைக் கடன் என்றும்தான் அழைத்தார். கடனிலிருந்து பூச்சியத்தைக் கழித்தால் கடன் அப்படியே நிற்கும் என்பது அவர் சொன்ன விதிகளில் ஒன்று. குறை எண் என்றாலே மிரண்ட எனக்கு, பள்ளியில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கடன் என்றால் என்ன என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

சரி, உங்கள் நாளிதழுக்கு வருகிறேன். கணக்கைப் பொறுத்தவரை தமிழில் ஓர் ‘ஆக’ எல்லாவற்றையும் மாற்றிவிடும். ‘விற்பனை 30 சதவீதம் குறைந்தது’ என்றால் நூறு எழுபதாகிவிட்டது என்று பொருள். ‘30 சதவீதமாகக் குறைந்தது’ என்றால் மிச்சமே முப்பதுதான். ‘மூன்று மடங்கு அதிகரித்தது’ என்று படிக்கிறேன். நூறு முந்நூறானதா, நூற்றோடு முந்நூறு சேர்ந்து நானூறானதா? ‘மூன்று மடங்காக அதிகரித்தது’ என்று எழுதினால் சந்தேகமே வராது. தலைப்பில் இடம் போதவில்லை என்று இந்த இரண்டெழுத்தை வெட்டிவிடுகிறார்கள். சந்திப் பிழையைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடிவதில்லை. சந்திப் பிழையால் யாருடைய பணமும் போவதில்லை.

சுட்டுப் பெயரிலும் இதே சங்கடம்தான். 20 சதவீதத் தள்ளுபடி, அதன் மேல் இன்னொரு 20 சதவீதம் என்று விளம்பரம் வருகிறது. நாற்பது என்று மனம் கூட்டிக்கொள்கிறது. இரண்டாவது இருபது எதைச் சுட்டுகிறது? ஏற்கெனவே குறைந்து நிற்கும் எண்பதை. எண்பதில் ஐந்தில் ஒரு பங்கு 16. ஆக மொத்தத் தள்ளுபடி 36. இதே காரணத்தால்தான் பாதியாக விழுந்த சேமிப்பு 50 சதவீதம் ஏறினாலும் பழைய இடத்துக்கு வருவதில்லை. நூறு ஐம்பதாகி, ஐம்பதில் பாதி ஏறி, எழுபத்தைந்தில் நின்றுவிடும். பழைய நூற்றைத் தொட வேண்டுமானால் 100 சதவீதம் ஏற வேண்டும்.

காலம் காட்டாத வினைமுற்றைக் குறிப்பு வினைமுற்று என்போம். காலத்தை நாம்தான் குறிப்பால் அறிய வேண்டும். வட்டிக்கு அப்படி விட்டுவிடக் கூடாது. கடன் அட்டைக்கு மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று பெருக்கிவிடுகிறோம். கட்டாமல் விட்ட வட்டி மாதாமாதம் அசலில் சேர்ந்துகொண்டே போனால் வருடக் கடைசியில் அது 42.6. அதே கூட்டு வட்டி சேமிப்பவருக்குக் கை கொடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 8 சதவீதத்தில் போட்ட பணம் தனி வட்டியில் 30 ஆண்டில் 3.4 மடங்காகும், கூட்டு வட்டியில் 10 மடங்கைத் தாண்டிவிடும். இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று மனக்கணக்காகவே பார்க்க ஒரு பழைய வழி உண்டு. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 8 சதவீதத்துக்கு 9 வருடம். 1494இல் லூக்கா பச்சோலி எழுதிய கணித நூலிலேயே இது இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு இதைத் தெரிந்துகொண்ட எனக்கு, இருபத்தைந்து வயதில் தெரிந்திருக்க வேண்டுமே என்று ஏக்கமாக இருக்கிறது.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலருக்குக் கணக்கு வராது. அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படியே நம்பினேன். ஆனால் ஒரு செய்யுளைக் கொடுத்து, இந்த ‘அவன்’ யார், இந்த ‘அது’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். கடன் பத்திரத்தை வாசிக்கத் தேவைப்படும் திறமை பெரும்பாலும் அதுதான். கூட்டல் கழித்தலைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும். எதன் மேல் எதைக் கூட்ட வேண்டும் என்பதை நாம்தான் படித்து அறிய வேண்டும்.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சதவீதம் வரும் செய்திகளில் எதில் சதவீதம், எந்தக் காலத்துக்கு என்ற இரண்டையும் தலைப்பில் முடியாவிட்டால் முதல் பத்தியிலாவது எழுதுங்கள். பிழை திருத்துபவர்களிடம் ‘சதவீதம்’, ‘சதவீதமாக’, ‘சதவீதப் புள்ளி’ மூன்றையும் வேறு வேறு சொற்களாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, வாரம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்குங்கள். கடன் பத்திரத்திலோ காப்பீட்டுத் தாளிலோ சேமிப்பு விளம்பரத்திலோ வரும் ஒரே ஒரு வரியை எடுத்து, செய்யுளுக்கு உரை எழுதுவதைப் போலப் பதம் பிரித்துப் பொருள் சொல்லுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானும் என் தோழியும் சேர்ந்து எழுதித் தருகிறோம். சன்மானம் வேண்டாம். முதல் வாரத்துக்கு உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். ‘2 சதவீதமே உயர்வு’ என்பதற்கு ஒரு பக்க அளவில் பதவுரை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்