உடற்பயிற்சிக்கு நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குப்பை சேகரிப்பு பற்றி வெளிவந்த கட்டுரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து முடித்தேன். (எழுத்தின் அளவை நீங்கள் குறைத்தபோதே ஒரு கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை. போகட்டும்.) வண்டி வாசலுக்கு வராமல் தெருமுனையில் நிற்பதால் முதியவர்களுக்கு நாள்தோறும் சிறிது நடைப்பயிற்சியும் கிடைக்கிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் இளைஞராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய முழங்கால்கள் நீடூழி வாழ்க.

எனக்கு வயது 76. நானும் என் மனைவியும் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை என்பது மூட்டுத் தேய்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் வாளி, மறு கையில் கைப்பிடிக் கம்பி. கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். வண்டிச் சத்தம் கேட்டுக் கிளம்பி நான் தெருமுனைக்குப் போய்ச் சேரும்போது வண்டியின் முதுகுதான் தெரியும். அதே வாளியோடு அதே படிகளில் திரும்ப ஏறுவேன். பயிற்சி இரட்டிப்பாகக் கிடைக்கிறது, மறுக்கவில்லை.

முதியவர்கள் தரம் பிரிப்பதில்லை என்றும் ஒரு குறை. கண்புரை முற்றினால் விழிவில்லையில் பழுப்பு ஏறி நீலமும் பச்சையும் ஒன்றுபோல மங்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. மக்கும் குப்பைக்கான பச்சை வாளியில் பிளாஸ்டிக் உறை கிடந்ததைப் பார்த்த மேற்பார்வையாளர், “படித்தவர்தானே நீங்கள்?” என்று நடுத்தெருவில் கேட்டார். நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று மாலை என் மனைவி பழைய துணியைக் கிழித்து ஒரு வாளியின் பிடியில் முடிச்சுப் போட்டு வைத்தாள். முடிச்சு இருந்தால் மக்கும் குப்பை. இப்போது தொட்டுப் பார்த்துப் பிரிக்கிறோம். வாளியின் பிடியில் தடவினால் தெரிகிற ஓர் அடையாளம் வைக்க வேண்டும் என்று வண்ணம் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

வயதானவர்கள் வீட்டில் சேரும் குப்பையே வேறு. என் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி வைக்கிறோம், குப்பை அள்ளுபவர்களின் கையில் குத்திவிடக் கூடாதே என்று. அந்தப் புட்டியை எந்த வாளியில் போடுவது என்று மூன்று பேரிடம் கேட்டோம். மூன்று பதில் வந்தது. பெரியவர்களுக்கான டயாப்பர் விஷயத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதைத் தெருவே பார்க்கச் சுமந்துபோகும் என் நண்பர், இப்போதெல்லாம் இருட்டியபின்தான் வெளியே வருகிறார்.

புகார் செய்யச் செயலி இருக்கிறதாம். கடவுச்சொல் எண் வந்து, நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் இருந்த இருக்கையையும், யாராவது படுத்துவிடுவார்கள் என்று சொல்லிப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கிழவர்கள் நின்றுகொண்டே இருந்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலும்.

ஜப்பானின் கமிகட்சு ஊரில் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள் என்று கட்டுரையாளர் வியந்திருந்தார். வியந்தது சரி. மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் 65 வயதைக் கடந்துவிட்ட அந்த நாட்டில், சேகரிப்பு இடம் வரை வர முடியாத முதியவர்களின் வாசலுக்கே பல நகராட்சிகள் ஆள் அனுப்புவதை ஏன் விட்டுவிட்டார்? வாசலில் குப்பைப் பை இல்லையென்றால் குரல் கொடுத்து நலம் விசாரிக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. இதற்காக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021இல் உள்ளாட்சிகளுக்கு ஒரு கையேடே வெளியிட்டது. பிரிட்டனிலும், வீட்டில் உதவ வேறு ஆள் இல்லாதவர்கள் விண்ணப்பித்தால் ஊழியரே தொட்டியை எடுத்துப்போய்க் காலிசெய்து பழைய இடத்தில் வைத்துவிடுகிறார். தங்களுக்குத் தெரியாத செய்தியா இது?

தூய்மைப் பணியாளர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. சென்ற மாதம் வண்டியோடு வரும் பெண், என்னைப் படியில் பார்த்துவிட்டு, “ஐயா, அங்கேயே நில்லுங்கள்” என்று ஏறிவந்து இரண்டு வாளிகளையும் வாங்கிக்கொண்டு போனார். வண்டி தாமதமானது என்று மறுநாள் அவருக்கு வசவு கிடைத்தது. அதன்பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் அவரைக் கூப்பிடுவதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இறங்க முடியாதவர்களின் வீடுகளைப் பட்டியல் எடுத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாடிக்கு வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தை வண்டியின் நேர அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள், அந்தப் பெண் திட்டு வாங்காமல் இருக்க. இடப் பற்றாக்குறை என்றால் என் முழங்காலையும் மனைவியின் ஊசிகளையும் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். இந்தப் பத்தியை மட்டும் போடுங்கள், முடிந்தால் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்