எங்கள் விளையாட்டுப் பெட்டியைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மழலையர்க்காக நாங்கள் மாதந்தோறும் சந்தாதாரர்களுக்கு அனுப்பிவந்த விளையாட்டுப் பெட்டிகளில், சென்ற மாதப் பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பி எடுத்த படம் ஒன்று பெற்றோர் குழுக்களில் சுற்றி வருவதை உங்களில் பலர் எங்களுக்குத் தெரிவித்தீர்கள். மூடியைப் போடுவதற்குக் கீறல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று, மூடிகள் எட்டு, துணி மாட்டும் கிளிப்புகள் ஆறு, துணித் துண்டுகள் நான்கு, செய்முறைத் தாள் ஒன்று ஆகியவை அந்தப் படத்தில் இருக்கின்றன. அதன் கீழே, “வீட்டில் தூக்கி எறிகிற குப்பையைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார்கள். விலை கூடுதல் என்று மட்டும் சொல்லியிருந்தால் செலவுக் கணக்கைக் காட்டிப் பதில் சொல்லியிருப்போம். குழந்தையின் கையில் குப்பையைக் கொடுக்கிறோம் என்ற சொல்லை அப்படிக் கடந்துபோக எங்களால் இயலவில்லை. ஆகவே இம்மடல் சற்று நீளும், பொறுத்தருளுங்கள்.

முதலில் அந்த மூடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை மூடியைக் கீறலுக்குள் போடுகிறது; மூடி மறைகிறது; உள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறது; குழந்தை பெட்டியைத் திறந்து பார்த்து, அதே மூடியை எடுத்து, மறுபடியும் போடுகிறது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்ற அறிவு குழந்தைக்குப் படிப்படியாகவே வருகிறது என்பதைப் பியாஜே என்ற உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த அறிவை இருபது முப்பது முறை தானே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைத்தான் இந்தப் பெட்டி கொடுக்கிறது. வீட்டில் கிடைக்கும் மூடியே போதாதா என்று கேட்டால், எந்த மூடி என்று நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் எதுவும் ஏறத்தாழ 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுவதும் அடங்கிவிடக் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் பாதுகாப்பு விதி. அடங்கிவிடும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடும். சாதாரணத் தண்ணீர் பாட்டிலின் மூடி பெரும்பாலும் அந்தக் குழலுக்குள் அடங்கிவிடும் என்பதால்தான் அகன்ற வாய்ப் புட்டிகளின் மூடிகளைத் தேடி வாங்கி, விளிம்பைத் தேய்த்து, கழுவி, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து அனுப்புகிறோம். படத்தில் எட்டு மூடிகள் தெரிகின்றன. நாங்கள் கழித்துப்போட்ட மூடிகள் அதில் தெரியவில்லை.

கிளிப்புகளும் அப்படியே. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து கிளிப்பை அழுத்தித் திறக்கின்றன. பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப் போவதும் அதே விரல்கள்தாம். கம்பிச்சுருள் இறுக்கமாக இருந்தால் மூன்று வயதுக் குழந்தை ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு வைத்துவிடும். ஆகவே எளிதாகத் திறக்கும் கிளிப்புகளாகப் பார்த்துப் பொறுக்குகிறோம். துணித் துண்டுகள் நான்கு அல்ல, இரண்டு ஜோடி. ஒரு ஜோடி வழுவழுப்பு, மற்றொன்று சொரசொரப்பு. கண்ணை மூடித் தடவிப் பார்த்துக் குழந்தை ஜோடி சேர்க்க வேண்டும். இதைச் செய்முறைத் தாளின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டது எங்கள் பிழை, அதற்காக வருந்துகிறோம்.

எளிய பொருளைக் கொண்டு குழந்தைக்குக் கற்பிப்பது நாங்கள் கண்டுபிடித்த வழி அன்று. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கென்பர்க் நகரில் தம் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபல் என்ற கல்வியாளர், ‘பரிசுகள்’ என்று பெயரிட்ட விளையாட்டுப் பொருட்களில் முதலாவதாக வகுத்தவை வண்ண நூற்பந்துகளே. சிறந்த பொம்மைகளைத் தேர்ந்து பெருமைப்படுத்தும் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ்மன்றம் 2005-இல் வெறும் அட்டைப்பெட்டியையே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது என்பதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறோம்.

பெட்டியில் பொருட்கள் குறைவு என்ற குறையும் வந்தது. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகளுக்கு நடுவே இருந்தபோதைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரமும் பலவிதமாகவும் விளையாடினர். பாட்டுப் பாடும் மின்னணுப் பொம்மை ஒன்றையாவது சேர்க்கலாமே என்று அன்போடு கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு அத்தகைய பொம்மையை வைத்து விளையாடிய பெற்றோர், படப்புத்தகத்தையோ வழக்கமான எளிய பொம்மைகளையோ வைத்து விளையாடியபோது பேசியதைவிடக் குறைவாகவே பேசினர். பொம்மை பேசினால் வீட்டார் வாய் மூடிவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் தயக்கம். மூடி பேசாது, “உள்ளே போச்சு, எங்கே போச்சு?” என்று நீங்கள்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்காகவே இந்தப் பெட்டியைச் செய்கிறோம்.

இவற்றை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். எங்களுக்கு அதில் சிறிதும் மனக்குறை இல்லை. இனி எங்கள் செய்முறைத் தாள்களையும் அளவுகளையும் யார் கேட்டாலும் கட்டணமின்றி அனுப்புவோம். பொறுக்கவும் அளக்கவும் நேரம் இல்லாதவர்களுக்கே எங்கள் பெட்டி.

அந்தப் பொறுக்கும் வேலையை முதல் நாளிலிருந்து செய்துவந்த எங்கள் தோழி, குடும்பக் காரணங்களால் சென்ற மாதம் விடைபெற்றார். தையல் பிரிகிறதா, விளிம்பு கீறுகிறதா என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவார். அவர் இடத்தில் அவசரமாக ஒருவரை அமர்த்த எங்களுக்கு மனமில்லை. இப்போது ஒவ்வொரு பெட்டியையும் நானே பார்த்து மூடுகிறேன். அட்டை, அச்சு, அனுப்பும் செலவு எல்லாம் ஏறியிருந்தும் சந்தாத் தொகையை உயர்த்தவில்லை. பெட்டி மட்டும் இனி இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும்.

படம் பரவிய அந்த வாரத்தில், நாங்கள் கேட்காமலேயே, தங்கள் குழந்தை மூடியைக் கீறலில் போட்டுக் கைதட்டும் காணொளிகளை அனுப்பிய பெற்றோருக்கும், உடைந்த அட்டையை ஒட்டி ஒட்டி மூன்றாம் ஆண்டாக அதே பெட்டியை வகுப்பில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அந்தக் காணொளிகளைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத மனம் துணிந்தது.

ஏற்கெனவே பெட்டி வைத்திருப்போர், கிளிப்பின் கம்பிச்சுருள் கழன்றிருந்தால் உடனே அதை எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். தெரிவித்தால் மாற்றுக் கிளிப் அனுப்புகிறோம். சென்ற முறை அனுப்பிய, தண்ணீரை ஊற்றி அளக்கும் விளையாட்டைச் செய்யும்போது பாத்திரத்தில் சிறிதளவே நீர் இருந்தாலும் குழந்தையைத் தனியே விட்டு நகர வேண்டாம். விளையாட்டு முடிந்தவுடன் நீரைக் கொட்டிவிடுங்கள்.

அன்புடன்,
விளையாட்டுப் பெட்டி உரிமையாளர்