மழலைத் துணுக்கோடு வயதும் சூழலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழுக்கு வாசகர்கள் எழுதியனுப்பும் மழலைத் துணுக்குகளை நான் தவறாமல் படித்து வருகிறேன். குழந்தை என்ன சொல்லிற்று என்பது மட்டுமே அவற்றில் இருக்கிறது. எந்த வயதில், எதைப் பார்த்து, யாரிடம் சொல்லிற்று என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அது தெரியாதபோது மழலை வெறும் பிழையாகிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

என் மகள் வயிற்றுப் பேத்தி இரண்டரை வயதில் முதன்முதலாக எங்களோடு ஏற்காட்டுக்கு வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிக்கொண்டிருக்கையில், எதிர்ச்சரிவின் மரங்களுக்கிடையிலிருந்து மூடுபனி மேலெழுவதைச் சன்னல் வழியே பார்த்தவள், "அம்மாயி, மலை சோறாக்குது" என்றாள். பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் மகிழ்ந்து சிரித்தேன். ஆனால் அதுவரை அவள் பார்த்திருந்த வெள்ளை ஆவியெல்லாம் எங்கள் அடுப்பங்கரையில் உலை கொதிக்கும்போது எழுவதுதான் என்பதை அறிந்தவர்களுக்கு, அவள் எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறாள் என்பது விளங்கும். அதற்கும் முன்பு அவள் தன் தாத்தாவை "என்னங்க" என்றே கூப்பிட்டு வந்தாள். நாள் முழுவதும் நான் அவரை அப்படி அழைப்பதைக் கேட்ட குழந்தை, அதுவே அவர் பெயர் என்று முடிவு கட்டியதில் என்ன தவறு?

இலக்கணத்திலும் இப்படியே. 'ஓடுனேன்', 'தூக்குனேன்' என்று சரியாகச் சொல்பவள், 'நின்னேன்' என்பதற்கு 'நில்லுனேன்' என்கிறாள். எங்கள் வீட்டில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. யாரும் கற்பிக்காமலே இறந்தகாலத்துக்கு ஒரு விதியைத் தானாகக் கண்டுபிடித்து, அதைப் புதிய வினைச்சொல்லில் பொருத்திப் பார்த்திருக்கிறாள்.

சிறு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தரும் தட்டுவடை செட் இல்லாமல் எங்கள் ஊரில் மாலைப்பொழுது கழியாது. அவளுக்கு அது 'தத்துவதை'. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் வேடிக்கையாக, "தத்துவதை வேணுமா கண்ணு?" என்று கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தத்துவதை இல்லே, தத்துவதை!" என்று காலை உதைத்தாள். ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1960இல் இதே போன்ற ஒன்றைப் பதிவு செய்துள்ளனர். தன் பொம்மை மீனை 'ஃபிஸ்' என்ற குழந்தை, பெரியவர்களும் 'ஃபிஸ்' என்றபோது ஏற்க மறுத்து, 'ஃபிஷ்' என்று சரியாகச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டதாம். சரியான ஒலி எதுவென்று காதுக்குத் தெரிகிறது. நாக்குத்தான் இன்னும் பழகவில்லை.

அப்படியிருக்க, விருந்தினர் முன்னால் நிறுத்தி, கைப்பேசியை நீட்டி, "இன்னொரு தடவை சொல்லு" என்று சிரிப்புக்காகச் சொல்ல வைப்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அதட்டித் திருத்துவதும் வேண்டாம். "ஆமா, தட்டுவடைதான், காரமா இருக்குதா?" என்று நம் பதிலில் சரியான சொல்லை வைத்துப் பேச்சைத் தொடர்ந்தால் போதும். வீட்டில் தெலுங்கு, கன்னடம் அல்லது சௌராஷ்டிரம் பேசித் தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் சேலத்தில் ஏராளம். அவ்வீட்டுக் குழந்தைகள் இரு மொழிகளையும் கலந்து பேசுவதும் குறையன்று. இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், அழைத்தால் திரும்பாத குழந்தையையும் மட்டும் தாமதிக்காமல் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிதான் பழைய தகடூர். அதை ஆண்ட அதியமானிடம் ஔவையார், மழலை யாழிசைக்கும் ஒவ்வாது, பொருளும் விளங்காது, ஆயினும் தந்தைக்கு அருள் சுரக்க வைக்கும் என்று புறநானூற்றில் (92) பாடுகிறார். அந்த அருளை நானும் அனுபவிக்கிறேன். பொருள் விளங்காது என்பதை மட்டும், ஔவையிடம் மிகுந்த பணிவோடு, என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, இனித் துணுக்கு அனுப்புவோரிடம் குழந்தையின் வயதையும், பேச்சு பிறந்த சூழலையும் இரண்டு வரியில் கேட்டு வாங்கி, அவற்றோடு சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால், துணுக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.