பள்ளம் விழுந்த கட்டை

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ பெரியம்மாவைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது.

அவள் போய் இன்றோடு 20 நாள் ஆகிறது. உனக்கு அவள் கணக்கு டீச்சர், கழுத்தில் விசிலோடு திரியும் கோச். எனக்கு அவள் நான்காவது ஆள். பத்தாம் வகுப்பில் எங்கள் தொடர் ஓட்டக் குழுவில் நான் மூன்றாவதாக ஓடினேன், அவள் கடைசியாக ஓடினாள்.

நான் பெரிய வேகக்காரி இல்லை. ஆனால் வளைவில் தடுமாறாமல் ஓடுவேன். அதைக் கண்டுபிடித்ததே அவள்தான். ஆளுக்கு நூறு மீட்டராக நாலு பேர் ஓடும் அந்த ஓட்டத்தில் மூன்றாவது ஆள் முழுக்க வளைவில்தான் ஓட வேண்டும். "அங்கே இவளைப் போடுங்க சார்" என்று எனக்காகப் போய் வாதாடினாள்.

சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிய பிறகும் எங்கள் இருவருக்கும் பயிற்சி நடக்கும். தான் நிற்கும் இடத்திலிருந்து குதிகாலும் விரல் நுனியும் ஒட்ட ஒட்டப் பாதம் வைத்து, என் பக்கமாக எண்ணிக்கொண்டே வருவாள். 22 பாதம். அங்கே சுண்ணாம்பில் ஒரு கோடு. நான் அந்தக் கோட்டைத் தொட்ட நொடியில் அவள் கிளம்பிவிடுவாள். அப்புறம் திரும்பியே பார்க்க மாட்டாள். நான் குரல் கொடுத்ததும், பேட்டன் கட்டையை வாங்க இடது கை மட்டும் பின்னால் வரும். உள்ளங்கை விரிந்து, கட்டைவிரல் தனியாக விலகி, ஆடாமல் அசையாமல் நிற்கும். மூச்சு முட்ட ஓடி வருகிறவளுக்கு உலகத்தில் அந்தக் கை ஒன்றுதான் தெரியும். இந்த 20 நாளாகக் கண்ணை மூடினால் எனக்கு அவள் முகம் வருவதில்லை, அந்தக் கைதான் வருகிறது.

போட்டி அன்று நான் அந்தக் கையில் கட்டையைச் சரியாக வைக்கவில்லை. அவள் பிடிப்பதற்குள் விட்டுவிட்டேன். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தோம். கட்டை தரையில் மோதி உருண்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கை மாறுவதற்குள் விழுந்தால் கொண்டுவந்தவர்தான் எடுக்க வேண்டும், அதுதான் விதி. அவள் கட்டை மாற்றும் இடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டாமல் நின்று, "எடு! எடுத்துக் கொடு!" என்று கத்தினாள். எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்கள் எல்லோரும் முடித்த பிறகு, முதலில் வருகிறவளைப் போலவே முழு வேகத்தில் ஓடி முடித்தாள். அன்று ராத்திரி நான் அழுது தீர்த்தேன். மறுநாள் சாயங்காலம் அவள் மறுபடி 22 பாதம் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

படிப்பு, வேலை, கல்யாணம் என்று எங்கெங்கோ போய்ச் சுற்றி வந்தோம். அவள் மட்டும் கரும்பலகையையும் மைதானத்தையும் விடவில்லை. இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். வகுப்பில் ஒரு கணக்குப் போடுவாளாம். நூறு மீட்டரை ஒரே ஆள் ஓடிய உலகச் சாதனை, 2009-இல் உசைன் போல்ட் ஓடிய 9.58 விநாடி. அப்படி நாலு போல்ட் ஓடினால் 38.32. ஆனால் 2012-இல் ஜமைக்கா குழு தொடர் ஓட்டத்தை முடித்தது 36.84-இல். ஒன்றரை விநாடி எங்கே போனது? பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போய் ஓடவிட்டுக் காட்டுவாள். முதல் ஆள் மட்டும்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறார். மற்ற மூவரும் ஏற்கனவே ஓடிக்கொண்டே கட்டையை வாங்குகிறார்கள். அந்த ஒன்றரை விநாடி அங்கேதான் இருக்கிறது.

அவள் குழுவில் எப்போதும் வேகம் குறைந்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதை வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நினைக்கிறேன். 2016 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஜப்பான் குழுவில் ஒருவர்கூட அதுவரை அதிகாரபூர்வமாக நூறு மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடியதில்லை என்பதை அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். கட்டை மாற்றுவதை மட்டும் தினமும் ஒரு மணி நேரம் பழக்குவாள். நாங்கள் ஓடிய காலத்தில் கட்டை மாற்ற 20 மீட்டர் இடம்தான். அதை 30 ஆக்கியபோது எனக்குப் போன் செய்து, "இனிமேல் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்குடி" என்று அப்படிச் சந்தோஷப்பட்டாள்.

போன வாரம் அவள் மைதானத்துக்குப் போயிருந்தேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கோச் இல்லாமலே பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடுகள் அவள் போட்ட மாதிரியே இருந்தன. நான் யார் என்று சொன்னதும் ஒரு பெண் என்னையே பார்த்தாள்.

"கட்டையை எடுத்துக் கொடுத்தவங்க நீங்கதானா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் ஓடிப் போய்ப் பையிலிருந்து ஒரு பழைய அலுமினியக் கட்டையைக் கொண்டுவந்தாள். அன்றைக்கு விழுந்த அதே கட்டை. உன் பெரியம்மா அப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாளாம். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிற பிள்ளையின் கையில் முதலில் இதைத்தான் கொடுப்பாளாம். "இது ஏற்கனவே விழுந்த கட்டை, பயப்படாமல் பிடி. என் சிநேகிதி இதை எடுத்துக் கொடுத்ததால்தான் நான் ஓடி முடித்தேன்" என்பாளாம்.

போட்டவள் என்று சொல்லவில்லை, கண்ணா. இத்தனை வருடமும் என்னை எடுத்துக் கொடுத்தவள் என்றே சொல்லியிருக்கிறாள்.

விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம். கட்டைவிரல் நுனி சரியாக உட்காருகிறது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர்களுக்குப் போட்டி இருக்கிறது. அவள் மூன்றாவது ஆளாம்.

அன்புடன்,
அம்மா