பெல்ஜியம் லூவனில் இருக்கும் மகளுக்கு

பொள்ளாச்சி,
ஆடி 9

கண்ணு,

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மிச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து கொட்டகை ஓடு உடைந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.

கேட்டால் "சொல்லக்கூடாதும்மா, வேலை அப்படி" என்கிறாய். எனக்குத் தெரியாததா? அந்த வான்ஹூஃப் கதையை நீதானே சொன்னாய். உங்கள் ஊரிலேயே உட்கார்ந்து வைஃபை பூட்டில் ஓட்டை கண்டுபிடித்தவர். ஃபோனும் ரவுட்டரும் நாலு செய்தியில் கைகுலுக்கும்போது மூன்றாவதைத் திரும்ப அனுப்பினால், ஃபோன் போட்ட சாவியையே மறுபடி போட்டுக்கொண்டு, அனுப்புவதை எண்ணும் எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பிக்குமாம், பூட்டு இளகிவிடுமாம். மாமாவுக்கே விளக்கினேன், வாயடைத்துப்போனார். 2017 ஜூலையில் கம்பெனிகளுக்கு எழுதிவிட்டு, அவர்கள் சரிசெய்யட்டும் என்று அக்டோபர் 16 வரை ஊருக்குச் சொல்லவில்லை என்றாய். அது மூன்று மாதம். நீ தைப்பூசத்திலிருந்து இப்படி இருக்கிறாய். சாப்பிட்டாயா என்பதும் ரகசியமா?

நானும் டெலிஃபோன் ஆபீஸில், வெளியூர்க் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் காலம் தள்ளியவள். யார் வீட்டுக் கல்யாணம் நின்றது, எந்த மில் முழுகுகிறது எல்லாம் காதில் விழும். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. வேலைக்காக வாயைக் கட்டுகிறவர் குரல் ஒரு மாதிரி இருக்கும். சித்திரைக் கனியன்று நீ பேசியது அந்த மாதிரி இல்லை.

அப்பா உங்கள் லேப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். உன் போட்டோ இருந்த இடத்தில் வேறு ஒரு பையன். பக்கத்தைப் புதுசாக்கிக்கொண்டிருப்பார்கள் என்றேன். சரி என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

வருகிறவர்களிடமெல்லாம் ரவுட்டரைக் காட்டுகிறார்: "இத்தனை ஆன்டெனா எதுக்குத் தெரியுமா? நம்ம பொள்ளாச்சியில பொறந்த பால்ராஜ் கொடுத்த யோசனை. நம்ம பொண்ணும் அந்த லைன்தான்." எனக்குப் பால்ராஜ் கதையில் வேறொன்று படுகிறது. கடற்படையில் சோனார் செய்துகொண்டிருந்தவர், அதை விட்டு வெளியே வந்து, ஐம்பதை நெருங்கும் வயசில்தான் ஸ்டான்ஃபோர்டில் அந்த மைமோவை, அதான் பல ஆன்டெனா யோசனையை, பிடித்தார். மார்க்கோனி பரிசு வந்தது 2014-ல். உனக்கு இன்னும் முப்பத்தைந்துகூட ஆகவில்லை. சும்மா சொன்னேன்.

கான்ட்ராக்ட் வேலையை நம்பி அவ்வளவு தூரம் போகாதே, கோயம்புத்தூரில் வாத்தியார் வேலை பார் என்றேன், கேட்டாயா? உன் பெயர் போட்டு வந்த முதல் கட்டுரையை லேமினேட் செய்து சாமி அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். ஒரு வரி புரியாது. தினமும் துடைக்கிறேன்.

வியாழக்கிழமை அப்பா சந்தைக்குப் போய்விடுவார். பதினோரு மணிக்குக் கூப்பிடு, உனக்கு ஏழரை. நான் மட்டும்தான் இருப்பேன். சீட்டுப் பணம் எடுத்தாகிவிட்டது, பாங்கில் சும்மாதான் கிடக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்து யோசிக்காதே.

அம்மா