தேஜஸுக்கு முதலில் கண் வேண்டும்

கடலூர் முதுநகர்,
கார்த்திகை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டுவலி குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நல்லது, அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதே. இங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். படகுகள் உப்பனாற்றில் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கின்றன. வயர்லெஸ் கரகரக்கிறது, எக்கோ சவுண்டர் ஆழம் காட்டவில்லை என்பதெல்லாம் கடலுக்குப் போக முடியாத நாட்களில்தான் இவர்களுக்கு நினைவுக்கு வரும். பகலில் கடையில் நிற்க இடமில்லை. இரவில்தான் உனக்குப் பதில் எழுத வாய்த்தது.

சூலூரில் மொட்டை மாடியில் நின்றபடியே நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸ் ஏறுவதைப் பார்க்கிறவன் நீ. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் கொஞ்சம் பொறாமையோடுதான் உன் கேள்வியைப் படித்தேன். ரேடாரை உறிஞ்சும் பெயின்டை அடித்து, அங்கங்கே உடம்பைச் செதுக்கி, தேஜஸையே ரேடாருக்கு எளிதில் சிக்காத ஸ்டெல்த் விமானமாக்கிவிட வேண்டியதுதானே என்கிறாய். அந்தப் பெயின்ட் விஷயத்தில் உன்னோடு சண்டை போடத்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஃபைபர் படகுகளுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் ஒரு சாமானைச் சொல்கிறேன். கண்ணாடி இழைப் படகு கப்பல் ரேடாரில் சரியாகத் தெரியாது. இரவில் வலை விட்டுக் கிடக்கும்போது சரக்குக் கப்பல் மேலே ஏறிவிட்டால் கேட்க நாதியில்லை. அதனால் கம்பத்தின் உச்சியில் ஒரு தகட்டுக் கூடு மாட்டுகிறோம். அலுமினியத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தினால் மூலை மூலையாக வரும், அவ்வளவுதான் அதன் வேலைப்பாடு. ரேடார் அலை அந்த மூலைக்குள் விழுந்தால் தகடு தகடாக மோதி, வந்த திசைக்கே திரும்பிப் போய்விடும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் பலன் போய்விடும் என்பதால், மாட்டுவதற்கு முன் மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் நான் விடுவதில்லை. இரண்டு கை அகலமுள்ள அந்தக் கூடு, கப்பலின் திரையில் தன் அளவுக்குப் பல மடங்கு பெரிய பொருளாகத் தெரியும்.

இப்போது தேஜஸை நினைத்துப் பார். இறக்கை கிடைமட்டம், வால் செங்குத்து. இறக்கைக்கு அடியில் ஏவுகணையைத் தொங்கவிடும் பைலன்கள், அவையும் இறக்கைக்குச் செங்குத்து. நான் காசு வாங்கிக்கொண்டு படகில் மாட்டுகிற மூலைகள் அத்தனையும் அந்த விமானத்தில் பிறவியிலேயே இருக்கின்றன. அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35 விமானங்களில் வால்கள் ஏன் சாய்ந்து நிற்கின்றன, குண்டுகள் ஏன் வயிற்றுக்குள் போகின்றன என்பது உனக்கு இதிலேயே விளங்கும். தேஜஸின் முதல் வகையான மார்க்-1இல் ஆயுதமும் எரிபொருள் தொட்டியும் மாட்ட 8 இடங்கள், எல்லாமே வெளியே. பெயின்டை எங்கே அடிப்பாய், ஏவுகணை மீதா?

தேஜஸிடம் நல்ல குணங்கள் இல்லாமல் இல்லை. 13.2 மீட்டர் நீளம்தான், எதிரே வந்தால் கண்ணுக்கும் சிறியது, ரேடாருக்கும் சிறியது. காற்று போகும் குழாய் வளைந்து போவதால் இன்ஜினின் சுழலும் தகடுகள் முன்பக்கத்திலிருந்து நேராகத் தெரியாது. இன்ஜின் பிட்டரான உனக்கு அந்தத் தகடுகள் எவ்வளவு பெரிய காட்டிக்கொடுப்பான்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கார்பன் இழைக் கூட்டுப்பொருள். ஆனால் உன் பேரன் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, கார்பன் இழை என்பதால் ரேடார் அலை ஊடுருவிப் போய்விடும் என்று, அது தவறு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அலையைத் திருப்பியும் அனுப்பும். படகின் கண்ணாடி இழை வேறு, விமானத்தின் கார்பன் இழை வேறு. அந்த எடைக்குறைப்பால் இன்ஜினுக்கு லாபம், மறைவுக்குப் பெரிய லாபமில்லை.

கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை. ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பது, திரும்பி வரும் எதிரொலிப்பு அளவின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. விமானத்தின் எதிரொலிப்பைப் பாடுபட்டுப் பாதியாகக் குறைத்தாய் என்று வை. 100 கிலோமீட்டரில் பார்த்துக்கொண்டிருந்த எதிரி இனி 84 கிலோமீட்டரில் பார்ப்பான். அந்தத் தூரம் 50 ஆக வேண்டுமானால் எதிரொலிப்பு பதினாறில் ஒரு பங்காக வேண்டும். பூச்சும் சுரண்டலுமாக ஒட்டுப்போட்டு அங்கே போய்ச் சேர முடியாது, விமானத்தை முதல் கோட்டிலிருந்தே வேறு விதமாக வரைய வேண்டும். அப்படி வரைந்ததுதான் நம் நாட்டின் அடுத்த போர் விமானத் திட்டமான ஆம்கா. 25 டன், இரண்டு இன்ஜின், வயிற்றுக்குள் ஆயுத அறை. 2024 மார்ச்சில் அதற்கு மத்திய அரசு 15,000 கோடி ரூபாய் ஒதுக்கி அனுமதி கொடுத்தது. ஸ்டெல்த் வேலையை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பூச்சுகளைப் பராமரிப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. அமெரிக்கர்கள் பி-2 குண்டுவீச்சு விமானத்தை ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்திய கொட்டகையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் உப்புக் காற்றில் இரும்பு கேட்டே சில வருடங்களில் ஓட்டை விழுந்து நிற்கிறது. இத்தனை பாடுபட்டும் முழுப் பாதுகாப்பு உண்டா என்றால் அதுவும் இல்லை. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அமெரிக்காவின் ஸ்டெல்த் விமானம் எஃப்-117 விழுந்ததே, விழுத்தியது எது தெரியுமா? நாம் விமானப்படையில் பெச்சோரா என்று கூப்பிட்ட அதே எஸ்-125 ஏவுகணைதான்.

சரி, என்னதான் செய்யலாம் என்று கேட்பாய். நாம் கையாண்ட மிக்-21ஐயே எடுத்துக்கொள். மூக்கில் காற்று போகும் வாய், அதன் நடுவே ஒரு கூம்பு, அந்தக் கூம்புக்குள் அடைத்து வைத்த ரேடார். அதற்குள் பெரிய ஆன்டெனா வைக்க இடம் ஏது? அந்தக் கூம்புக்குள்ளேயே ரஷ்யாவின் கோபியோ ரேடாரைப் பொருத்தி, தலைக்கவசத்தில் குறிபார்க்கும் கருவி, ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள், எதிரி ரேடாரைக் குழப்பும் கருவி என்று சேர்த்துத்தான் அதை பைசன் என்ற புது வகையாக்கினார்கள். உடம்பு பழையதுதான், ஆனால் 2004இல் குவாலியரில் நடந்த கோப் இந்தியா பயிற்சியில் அமெரிக்க எஃப்-15 விமானிகள் அதைக் கண்டு வியந்தார்கள். கிழட்டு விமானம் என்று அவர்கள் நினைத்தது அவர்களுக்குச் சரியான போட்டி கொடுத்தது. சிறிய உடம்பும் புதிய கண்ணும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கையில் இருக்கும் சாட்சி அது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்ததை இருவரும் தனித்தனியாகத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒன்றாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டியது.

தேஜஸின் அடுத்த வகையான மார்க்-1ஏவில் போவதும் இந்த வழியில்தான், அதனால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை. அதன் ஏசா ரேடாரைப் பற்றிப் படித்தபோது பழைய ரேடார் மெக்கானிக்காக எனக்கு வயிற்றெரிச்சலே வந்தது. நம் காலத்தில் ஆன்டெனாவை மோட்டார் சுழற்ற வேண்டும், பல்சக்கரம் தேயும், எண்ணெய் காயும், பாதி வாழ்நாளை அந்தச் சக்கரங்களுக்கே கொடுத்தேன். இதில் ஆன்டெனா அசைவதே இல்லை. நூற்றுக்கணக்கான சிறு அலைபரப்பிகளைப் பலகையில் பதித்து, ஒவ்வொன்றிலிருந்தும் அலை புறப்படும் கணத்தைச் சற்றே முன்பின்னாக மாற்றியே கற்றையை நொடிக்குள் இங்கும் அங்கும் திருப்புகிறார்கள். வானத்தைத் துழாவிக்கொண்டே பல இலக்குகளைப் பின்தொடரும். நாலைந்து அலைபரப்பிகள் செத்தாலும் ரேடார் சாகாது. ஒரே சங்கடம் சூடு: அத்தனை சில்லுகளும் கொதிக்கும், திரவம் ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும், அதற்கும் எடை, மின்சாரம். தேஜஸின் சின்ன மூக்கில் இதையெல்லாம் அடக்குவதுதான் வித்தை. முதலில் இஸ்ரேலின் 2052 ரேடார், அடுத்து பெங்களூரில் டிஆர்டிஓ உருவாக்கிய உத்தம் ரேடார் என்பது திட்டம்.

எனக்குக் குறையாகப்படுவது வேறொன்று. ரேடாரைப் போட்டதும் நீ இருக்கும் இடம் எதிரியின் எச்சரிக்கைக் கருவிக்குத் தெரிந்துவிடும். வெப்பத்தை வைத்தே எதிரியைத் தேடும் அகச்சிவப்புக் கருவிக்கு அந்த வம்பே இல்லை. அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. சுவீடனின் கிரிபென்-ஈ தேஜஸைப் போல ஒற்றை இன்ஜின் விமானம்தான், அதில் அந்தக் கருவி விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. நம்மிடம் இனி வரவேண்டிய மார்க்-2 தேஜஸுக்குத்தான் அதை உடம்போடு சேர்த்து வரைந்திருக்கிறார்கள். நேத்ரா போன்ற கண்காணிப்பு விமானம் தூரத்திலிருந்து படத்தை அனுப்ப, தன் ரேடாரை அணைத்து வைத்துக்கொண்டே கிட்டே போய் நம் அஸ்திரா ஏவுகணையை ஏவுவது, இதுதான் ஒரு சிறிய விமானத்துக்குக் கட்டுப்படியாகும் மறைவு. பெயின்டுக்குச் செலவழிக்கிற காசை இதில் போடு என்பதுதான் என் கட்சி.

இதையெல்லாம் பேசி என்ன, இன்ஜின் வர வேண்டுமே! 2021 பிப்ரவரியில் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2024 மார்ச்சில் முதல் விமானம் படையின் கைக்கு வர வேண்டும் என்பது பேச்சு. அந்த மாதம் 28ஆம் தேதி அது முதல்முறை பறந்ததோடு சரி. அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய 99 எஃப்-404 இன்ஜின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இன்னும் 97 விமானங்களுக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று. தேஜஸுக்காக நாமே செய்ய முயன்ற காவேரி இன்ஜினைப் பற்றி நீ ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாய், அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து உயிர்விட்ட அந்த விமானிப் பையனை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். மகள் புதுச்சேரிக்கு மாற்றலாகி வந்துவிட்டாள், வாரக் கடைசியில் பேத்தியோடு வந்து போகிறாள். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. தங்கையையும் அழைத்துக்கொண்டு வா, இந்த முறை சாக்கு சொல்லாதே. சேலம் வழியாக விருத்தாசலம் வரை ரயிலில் வந்துவிட்டு, அங்கிருந்து பஸ் பிடி. கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் போன் செய், ஸ்கூட்டரில் வந்து நிற்கிறேன். பேரனையும் கூட்டி வந்தால் அந்தத் தகட்டுக் கூட்டை அவன் கையிலேயே கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்