இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள முக்காலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறது. குசலம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உறைக்குள் இரண்டு பிரிண்ட் இருக்கின்றன. பின்பக்கம் பென்சிலால் 1, 2 என்று போட்டிருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்க்காதே. எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் நீ என்று தெரியும், இந்த ஒரு தடவையாவது சொன்னபடி கேள். நம் ஃபோட்டோ கிளப் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரே ஒரு படம்தான் என்று லைட்மீட்டர் சட்டம் போட்டுவிட்டான். அவனைச் செயலாளராக்கியபோதே நான் சொன்னேன், நீதான் கையைத் தூக்கினாய்.

வாணவேடிக்கைக்குத்தான் போயிருந்தேன். இருட்டில் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போகிற வயசா இது என்று வீட்டில் ஒரு பாட்டம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. வெடிப்பது வழக்கம்போல ஆற்றின் நடுத்திட்டில். ஆனால் நாம் எப்போதும் நிற்கிற கரையில் காற்று முகத்தில் அடித்தது. புகை மொத்தமும் நம்மிடம்தான் வரும் என்று தெரிந்ததும் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்கு நடந்துவிட்டேன். லைட்மீட்டர் அசையவில்லை. பழகிய இடமாம். முதல் சில வெடிகள் அவனுக்கும் சுத்தமாகக் கிடைத்தன, அப்புறம் எல்லாம் மூட்டம்தான். அடுத்தடுத்து வெடிக்கிற ஒவ்வொன்றும் முந்தைய வெடியின் புகைக்குச் சாயம் பூசிவிட்டது. அவன் படங்களைப் பார்த்தால் சிரிக்காதே, பாவம். இல்லை, சிரி.

உன் பேத்தி கேமரா வாங்கியிருக்கிறாள், வாணவேடிக்கை எடுக்க என்ன செட்டிங் என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாததா? ஆனால் தாத்தா சொன்னால் கேட்கமாட்டாள், தாத்தாவின் சிநேகிதன் சொன்னால் கேட்பாள், அதுதானே? சரி, சொல்லிவிடு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 11, ஷட்டர் பல்ப் மோடில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும்), கையில் ரிமோட். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஏதாவது ஒன்றில் நிறுத்தட்டும், இல்லையென்றால் படத்துக்குப் படம் நிறம் மாறும். தூரத்தில் ஒரு விளக்கைப் பார்த்து ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடச் சொல். முடிவிலிக் குறியை நம்பி அதில் வைக்க வேண்டாம், பல லென்ஸ்களில் வளையம் அதையும் தாண்டித் திரும்பும். கேமரா வாரைக் கழற்றி வைக்கட்டும். அது காற்றில் ஆடினால் கோடெல்லாம் நெளியும்.

ஒன்றை மட்டும் அவளுக்கு உட்கார வைத்துப் புரியவை. வாணத்தின் கோடு எவ்வளவு பளிச்சென்று விழும் என்பது ஷட்டர் கையில் இல்லை. பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது, சென்சாரில் எந்த இடத்தையும் ஒரு கணம் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதன் பிரகாசம் அப்பெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் கொடுப்பது. கோடு எவ்வளவு நீளம், ஒரே படத்தில் எத்தனை பூ, பின்னால் வானம் எவ்வளவு வெளுக்கும், இதெல்லாம்தான் ஷட்டர் கணக்கு. வாத்தியார் நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் உனக்கு நினைவிருக்கும். அதை அப்படியே குழந்தையிடம் சொல்லித் தொலைக்காதே.

எடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கீழே 'தொம்' என்றதும் திறப்பது, கடைசிப் பொறி சாகிற வரை பொறுத்து மூடுவது. இதற்கு முழங்கால் தேவையில்லை. பொறுக்குவதில்தான் வம்பு. ஃபிலிமில் ஒரு ரோலுக்கு 36. ரோல் முழுவதையும் சின்னச் சின்னதாகப் பிரிண்ட் போட்ட காண்டாக்ட் ஷீட்டின் மேல் வாத்தியாரின் சிவப்புப் பென்சில் ஓடும், எங்காவது ஒன்றில் நிற்கும், பெரும்பாலும் எதிலும் நிற்காது. இப்போது கார்டு நிறையப் படம், பென்சில் பிடிக்க ஆளில்லை.

முதல் சுற்றில் கை பட்டது, ஆடியது, தலை வெட்டுப்பட்டது எல்லாம் போயிற்று. ஆட்டத்தை எங்கே கண்டுபிடிப்பது தெரியுமா? பூவில் இல்லை. வாணம் மேலே ஏறுகிற அந்த ஒற்றைக் கோட்டின் அடியில் பார்க்க வேண்டும். ஷட்டரைத் திறந்த நேரத்தில் ட்ரைபாட் நடுங்கியிருந்தால் அங்கே ஒரு சின்னச் சுழி இருக்கும். படத்தைப் பெரிதாக்காமல் அது தெரியாது. தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது.

அடுத்து கடைசி அடி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொளுத்துகிறார்களே, ஜனங்கள் கத்துகிற இடம், அதையும் தள்ளிவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான். லைட்மீட்டரும் கண்காட்சிக்கு அதைத்தான் கொடுக்கிறானாம். ஆனால் நூறு வெளிச்சம் ஒரே இடத்தில் விழுந்தால் படத்தில் மிஞ்சுவது சுண்ணாம்பு அடித்த சுவர்தான். படத்தின் வெளிச்சக் கணக்கைக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலாக இருந்தாலும் அங்கே மீட்பதற்கு ஒன்றும் இல்லை. சிவப்பா பச்சையா என்றுகூடச் சொல்ல முடியாத வாணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு வாணம் தெரிய வேண்டுமென்றால் சுற்றிலும் கறுப்பு வேண்டும். எத்தனை பூ என்பதைவிட எவ்வளவு இருட்டு மிச்சமிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். இதில் நீ என்னோடு சண்டைக்கு வருவாய், வா.

அப்படிக் கழித்துக் கழித்து நின்றவைதான் இந்த இரண்டும்.

ஒன்றாம் நம்பர் தங்கம். கரித்தூள் போட்டுச் செய்கிற வகை, வெடித்ததும் பரபரவென்று விரியாமல் மெதுவாகக் கவிழ்ந்து தொங்குமே, அது. ஒவ்வொரு பொறியும் இறங்க இறங்க மெலிந்து, நுனியில் புள்ளி புள்ளியாக உடைகிறது. பக்கத்தில் வேறொன்றும் இல்லை, புகையும் இல்லை. வாத்தியார் சொல்வாரே, சந்தேகம் வந்தால் தலைகீழாகத் திருப்பிப் பார் என்று, அதையும் செய்துவிட்டேன். திருப்பினாலும் நிற்கிறது.

இரண்டாம் நம்பர் நீலம். அதுவும் நல்ல நீலம். இதன் அருமை உனக்குத் தெரியும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், இதெல்லாம் நீலத்தைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். நீலம் செம்பிலிருந்து வருவது. அதுவும் குளோரினோடு சேர்ந்திருக்கும் வரைதான். சூடு கொஞ்சம் ஏறினால் அந்தச் சேர்க்கை பிரிந்து நிறம் வெளிறிவிடும், சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் போதாது. அதனால்தான் பெரும்பாலும் நீலம் என்ற பெயரில் வெளிறிய ஊதாவைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். இது அப்படி இல்லை. நடுவில் சின்னதாக ஒரு சிவப்பு, அதைச் சுற்றி வாலோடு விரிகிற நீலம்.

இரண்டையும் லைட்டன் மோடில் ஒரே படமாகப் போட்டுவிடுங்கள் மாமா என்று மருமகன் யோசனை சொன்னார். அப்படியானால் நான் எதற்கு அங்கே போய்க் கொசுக்கடியில் நின்றேன் என்று கேட்டேன். பதில் இல்லை.

நான் தங்கம் என்று முடிவு செய்திருந்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு, "இதில் யோசிக்க என்னப்பா இருக்கிறது, நீலம்தான்" என்றாள். எனக்கு அந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது. பூ முழுசாக விரியவில்லை, கோடெல்லாம் பாதியில் நிற்கிறது, ஷட்டரைச் சீக்கிரம் மூடியதுபோல இருக்கிறது என்றேன். எங்கே நிற்கிறது என்று கேட்டாள். திரையில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் தன் விரலை வைத்தாள். என் விரலுக்கும் அவள் விரலுக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இருந்தது, முக்காலி. அவளுக்குக் கோடு அதுவரை போகிறது. எனக்கு அந்த இடம் கறுப்பு.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் போனபிறகு அந்த மூலையை மட்டும் கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். கோடுகள் இருக்கின்றன. மெல்லிசாக, கருநீலமாக, அவள் விரல் வைத்த இடம்வரை ஒழுங்காகப் போகின்றன. ஷட்டரையும் சரியான நேரத்தில்தான் மூடியிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி அலமாரியைத் திறந்து கறுப்பு சாக்ஸையும் கருநீல சாக்ஸையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் நீ சிரிப்பாய். பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது ஜோடி மாறியிருந்தது.

டாக்டரிடம் இன்னும் போகவில்லை, அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். என்ன சொல்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயசாக ஆக மஞ்சளாகி, நீலத்தைத்தான் முதலில் தடுக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் மூளை சரிக்கட்டிக்கொண்டே வந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாதாம். இதுதான் என்னைக் குடைகிறது. மங்கலாகத் தெரிந்திருந்தால் எப்போதோ போயிருப்பேன். எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. சில வருடங்களாகவே நீலமாக எதைப் பார்த்தாலும் "இதில் ஆழம் இல்லை" என்று ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். என் ரசனை அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பழைய ஃபோல்டர்களைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது. அதில் எதை நான் தள்ளினேன், எதைக் கண்புரை தள்ளியது?

ஓவியர் மோனே 1923-இல் வலது கண்ணுக்கு மட்டும் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டார். இடது கண்ணைக் கடைசிவரை யாரையும் தொடவிடவில்லை. அப்புறம் ஒரு கண்ணில் உலகம் நீலமாகவும் ஒரு கண்ணில் மஞ்சளாகவும் தெரிகிறது என்று ஒரே புலம்பல். அவருக்கே அந்தக் கதி. கிழவருக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

இதில் உன்னிடம் எனக்கு என்ன வேலை என்று கேட்பாய். உன் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய், கட்டுப் பிரித்த கண்ணில் சுவரெல்லாம் நீலம் பாய்ந்தமாதிரி இருக்கிறது என்று. மற்ற கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை அல்லவா? அப்படியானால் இன்றைய தேதியில் எனக்குத் தெரிந்த ஆட்களில் ஒரு கண் புதுசும் ஒரு கண் பழசுமாக வைத்திருப்பது நீ ஒருவன்தான். அதுவும் போகட்டும், அந்தப் புதுக் கண்ணில் டாக்டரே ஃபோகஸைத் தூரத்தில் வைத்து டேப் ஒட்டிவிட்டார், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்கிறாய். கேமரா பிடிக்கிற காலமெல்லாம் ஃபோகஸ் தவறவிட்டவனுக்கு இப்படி ஒரு யோகம்!

ஜன்னலோரம் உட்கார்ந்துகொள். காலை வெளிச்சம் நல்லது, குழல்விளக்கு வேண்டாம். பழைய கண்ணை மூடிக்கொண்டு இரண்டு படத்தையும் பார், அப்புறம் புதுக் கண்ணை மூடிக்கொண்டு பார். நீலக்கோடு எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகப் பென்சிலால் ஒரு புள்ளி வை. பிரிண்டைக் கெடுத்துவிட்டோமே என்று கவலைப்படாதே, அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறேன். பிரிண்டில் நீலம் கொஞ்சம் செத்துத்தான் போகும். அதனால் ஃபைலையும் உன் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன், அவன் திரையில் காட்டுவான். எது நல்ல படம் என்று இரண்டு கண்ணையும் தனித்தனியாகக் கேட்டு எழுது. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தப் படத்தைக் கொடுத்துவிடுகிறேன். வேறு வேறு பதில் சொன்னால் நீலத்தைக் கொடுக்கிறேன். எனக்குப் பிடிக்காத படத்தை என் பெயரில் மாட்டப்போகிறேன் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷனைப் பற்றி நீ எழுதியது இரண்டே வரி. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்தார்கள், வலியில்லை, முடிந்தது. அவ்வளவுதானா? உள்ளே படுத்திருக்கும்போது வெளிச்சம் எப்படித் தெரிந்தது, கட்டுப் பிரித்ததும் முதலில் எதைப் பார்த்தாய், பயமாக இருந்ததா, எல்லாவற்றையும் எழுது. தைரியம் சொல்வதற்காக எதையும் மறைக்க வேண்டாம். உனக்குப் பொய் எழுத வராது, கையெழுத்து சாய்ந்துவிடும்.

படம் கொடுக்க மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிடு. உன் வீட்டம்மாவிடம் படத்தைக் காட்டாதே, அவர் சொல்வதைத்தான் நீயும் எழுதுவாய்.

அன்புடன்,
ஃபிளாஷ்

பி.கு.: பேத்தியிடம் இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடச் சொல். இல்லையென்றால் நாலு விநாடி எடுத்ததும் இன்னொரு நாலு விநாடி கேமரா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்குள் நல்ல வெடி போய்விடும். என் லென்ஸ் மூடியையும் அவளிடம் கொடுத்தனுப்பு. உன்னிடம் இல்லை என்று மட்டும் மறுபடி எழுதாதே.